ஒரு பக்கம் திறக்க எத்தனை ஜூல்?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கப் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரை மீறியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. ஆற்றோட்டத்தில் அதற்குக் கீழே இருக்கும் ஏரலில் கடைவீதிக்குள் வெள்ளம் புகுந்தது, பாலம் சேதமானது, கரண்ட் போனது, டவரும் போனது. அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கும் அதே கதி. வெளியூரில் இருந்த பிள்ளைகள் அம்மாவையும் அப்பாவையும் நாள்கணக்கில் அழைத்துப் பார்த்தும் லைன் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட நாளில் கையிலிருக்கும் போன் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது: எத்தனை சதவீதம் சார்ஜ் மிச்சம்? இந்த எண்ணை இயற்பியலின் அலகில் எழுதிப் பார்த்தால் பல விஷயங்கள் துலங்கும். இன்று பரவலாக விற்கும் போன்களில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. அதன் மின்னழுத்தம் சுமார் 3.85 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 19 வாட்-மணி. ஜூலில் சொன்னால் ஏறத்தாழ 69,000. நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கச் செலவாகும் ஆற்றல்தான் ஒரு ஜூல் என்பதால், இது சின்னத் தொகை இல்லை. சார்ஜ் 20 சதவீதத்துக்கு வந்த போனில் மிச்சமிருப்பது 14,000 ஜூல். திரையை அணைத்துச் சும்மா வைத்தால் அது சில நாள் தாங்கும். உலாவியைத் திறந்து செய்தி பார்க்க ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரத்திலேயே தீர்ந்துவிடக்கூடும். நாள்கள் எப்படி மணிகளாகக் குறுகுகின்றன? அந்த ஜூல்கள் எங்கே போகின்றன?

போனில் ஆற்றலை நேரடியாகத் தின்பவை மூன்று: திரை, டவரோடு பேசும் ரேடியோ, செயலி. ரேம் என்னும் நினைவகம் தானாக அதிகம் தின்பதில்லை. ஆனால் அது போதாமல் போகும்போது மற்ற மூன்றையும் தின்ன வைக்கிறது. உலாவி செய்யும் வேலை அத்தனையும் இந்த நான்குக்கும் இடையே சுமையை மாற்றி மாற்றி வைப்பதுதான். செயலியைக் காப்பாற்ற நினைவகத்தைச் செலவழிக்கும். நினைவகத்தைக் காப்பாற்ற ரேடியோவைச் செலவழிக்கும். “குரோம் ரேமைத் தின்கிறது” என்பது எல்லோரும் சொல்லும் புகார். ரேமைத் தின்பதால் வேறு எதை அது மிச்சப்படுத்துகிறது என்று கேட்டால்தான் படம் முழுமையாகும்.

முதலில் செயலி. ஒரு முகவரியைத் தட்டியதும் வந்து சேருவது படமாக வரைந்து முடித்த பக்கம் இல்லை. பக்கத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் எழுத்துக் குறிப்புகள்தான் வருகின்றன. எச்டிஎம்எல் குறிப்பைப் படித்து, எது தலைப்பு, எது பத்தி, எது எதற்குள் அடக்கம் என்று உலாவி ஒரு கிளைவரிசையை நினைவகத்தில் அமைக்கிறது. எந்த எழுத்து எந்த நிறம், எந்த அளவு என்று சொல்லும் நடைக் குறிப்புகளை அதோடு பொருத்துகிறது. ஒவ்வொரு பெட்டியும் திரையில் எங்கே உட்கார வேண்டும் என்று கணக்கிடுகிறது. பிறகு வரைகிறது. இவ்வளவும் முடிவதற்குள்ளாகவே ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் வந்து சேரும். அது பக்கத்தின் நடுவே ஒரு விளம்பரத்தைச் செருகினால், கீழே உள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் இடக்கணக்கு மறுபடி போட வேண்டும். செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது வரி திடீரென்று கீழே குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கண் தடுமாறுகிற அதே கணத்தில் செயலி அந்தக் கணக்கை இரண்டாம் முறை போடுகிறது.

செயலி செலவழிக்கும் மின்திறன் அதன் வேகத்தோடு நேராக ஏறுகிறது, மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். ஆகவே இரண்டு மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கைவிட நிறையவே கூடுதல் திறன் போகிறது. போன் செய்பவர்கள் இதற்காகத்தான் ஒரே சில்லுக்குள் பெரிய கருக்கள் சிலவும் சிறிய கருக்கள் சிலவும் வைக்கிறார்கள். எழுத்து மட்டும் உள்ள பக்கத்தைச் சிறிய கருக்களே முடித்துவிடும். ஒரு மெகாபைட் ஜாவாஸ்கிரிப்ட் வந்து இறங்கினால் பெரியவை விழித்தாக வேண்டும். போன் கையில் சுடுவது அப்போதுதான்.

இதை உண்மையில் அளந்து பார்த்தவர்கள் உண்டு. 2012-ல் லியோன் நகரில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் நரேந்திரன் தியாகராஜன், டான் போனே உள்ளிட்ட ஐவர் ஓர் ஆய்வை முன்வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட வேலை அது. ஆண்ட்ராய்டு போன் ஒன்றின் பேட்டரி இணைப்பில் துல்லியமான மல்டிமீட்டரைப் பொருத்தி, பிரபலமான வலைப்பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஜூல் போகிறது என்று அளந்தார்கள். பக்கம் முழுவதற்குமான கணக்கோடு அவர்கள் நிற்கவில்லை. படங்களுக்கு எவ்வளவு, நடைக் குறிப்புகளுக்கு எவ்வளவு, ஜாவாஸ்கிரிப்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்தார்கள்.

அதில் என்னை மிகவும் ஈர்த்தது விக்கிப்பீடியாவின் கைபேசிப் பக்கம் பற்றிய பகுதி. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தலைப்பையும் தட்டினால் விரியும், மறுபடி தட்டினால் மூடும். இந்தச் சின்ன வசதிக்காக எல்லா வேலைக்கும் பொதுவான பெரிய நிரல் நூலகம் ஒன்று முழுதாக இறங்கி, முழுதாக அலசப்பட்டு, போனில் உட்கார்ந்திருந்தது. ஆய்வாளர்கள் அதை எடுத்துவிட்டு, விரிப்பதையும் மூடுவதையும் மட்டும் செய்யும் சிறு நிரலை வைத்தார்கள். வாசிப்பவர் கண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை. பக்கம் திறக்கும் ஆற்றல் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. படங்களில் ஜேபெக் வடிவம் மற்ற வடிவங்களைவிடச் சிக்கனம் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

அந்த 30 சதவீதத்தை வாசகர் என்ன செய்தும் மிச்சம் பிடித்திருக்க முடியாது. பேட்டரியைப் பாதுகாக்க நூறு யோசனைகள் உலவுகின்றன. எல்லாமே போன் வைத்திருப்பவருக்குச் சொல்லப்படுபவை. செலவில் பெரும்பங்கைத் தீர்மானிப்பவர் பக்கத்தை எழுதியவர். அவர் அலுவலகத்தில் ஓய்வில்லாமல் கரண்ட் இருக்கிறது. கட்டணம் கட்டுகிறவர் ஏரலில் இருக்கிறார்.

நினைவகத்துக்கு வருவோம். ஏரல் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அடிக்கடி கேட்கும் சாமான்களைக் கடையிலேயே அடுக்கியிருப்பார், மற்றவற்றைக் கிட்டங்கியில் போட்டிருப்பார். கடையில் இடம் போதாதபோது எதையாவது கிட்டங்கிக்கு அனுப்புவார். அனுப்பிய மறுநிமிடமே அதைக் கேட்டு ஆள் வந்தால் பையன் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். ரேம் கடை. போனின் சேமிப்பகம் கிட்டங்கி. உலாவியைப் பொறுத்தவரை கிட்டங்கிக்கும் அப்பால் இன்னொன்று உண்டு: சாமானைத் தூக்கியெறிந்துவிட்டு, தேவைப்பட்டால் ஆலையிலிருந்தே மறுபடி தருவிப்பது. போனில் பத்து டேப் திறந்து வைத்து, பழைய டேப்புக்குத் திரும்பினால் அது வெள்ளையாகிப் புதிதாக ஏறுகிறதே, நடப்பது அதுதான். ரேமில் இடமில்லை என்று ஆண்ட்ராய்டு அந்த டேப்பைக் கொன்றிருக்கிறது. இப்போது ரேடியோ விழிக்க வேண்டும், எல்லாம் மறுபடி இறங்க வேண்டும், செயலி முதலிலிருந்து கட்ட வேண்டும். ரேமில் மிச்சம் பிடித்தது பேட்டரியில் செலவாகிறது.

ரேமை அடைப்பவை எவை என்று பார்த்தால், எழுத்து மிகச் சிறிய பங்கு. ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று, படங்கள் ஒன்று. படங்களின் கணக்கு பலருக்கும் வியப்பாக இருக்கும். போனில் எடுத்த 12 மெகாபிக்சல் புகைப்படம் ஜேபெக் கோப்பாக 3 அல்லது 4 மெகாபைட் இருக்கும். திரையில் காட்ட அதைச் சுருக்கத்திலிருந்து விரிக்க வேண்டும். விரித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட். 4,000 புள்ளி அகலம், 3,000 புள்ளி உயரம், நான்கால் பெருக்கினால் 48 மெகாபைட். கைவிரல் அகலத்தில் காட்டப்போகும் படத்துக்கு இத்தனை இடம். உலாவிகள் திரையை விட்டு நகர்ந்த படங்களின் விரிந்த வடிவத்தைத் தூக்கியெறிந்து சமாளிக்கின்றன. மறுபடி மேலே தள்ளினால் மறுபடி விரிக்க வேண்டும், அதற்குச் செயலி வேண்டும்.

டேப்புகள் ஏன் இத்தனை இடம் பிடிக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் குரோம் வெளிவந்தது. அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. அதற்கு முன் வந்த பெரும்பாலான உலாவிகளில் எல்லா டேப்பும் ஒரே செயல்முறைக்குள் ஓடின. ஒரு டேப் முறிந்தால் எல்லாம் முறியும். குரோம் டேப்புகளைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தது. ஒன்று செத்தாலும் மற்றவை பிழைக்கும், ஒன்றில் புகுந்த திருட்டு நிரல் மற்றதைத் தொட முடியாது. பிரித்ததற்கான விலை ரேம். ஒவ்வொரு செயல்முறையும் சில அடிப்படைச் சாமான்களைத் தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும் குறை வெளியே வந்தது. நிரலில் இருந்த குறை இல்லை அது. செயலிகள் வேகத்துக்காக அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்யும் வழக்கத்திலேயே ஓட்டை இருந்தது. ஒரே செயல்முறைக்குள் இருக்கும் ஒரு தளத்தின் நிரல், இன்னொரு தளத்தின் ரகசியத்தைப் படித்துவிட வாய்ப்பிருந்தது. அந்த ஆண்டின் நடுவில் கணினிகளுக்கான குரோம் 67-ஆம் பதிப்பு ஒவ்வொரு தளத்தையும் கட்டாயமாகத் தனிச் செயல்முறைக்குள் அடைத்தது. அதனால் 10 முதல் 13 சதவீதம் கூடுதல் நினைவகம் போகும் என்று கூகுளே அறிவித்தது. நீங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும்போது பக்கத்து டேப்பில் இருக்கும் பக்கம் அதை எட்டிப் பார்க்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை இது. நியாயமான விலை என்றே நினைக்கிறேன். ஆனால் 16 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு அது ஒன்றுமில்லை, 3 ஜிபி போனுக்குப் பாரம்.

எதிர்த்திசையில் நடந்த பேரமும் உண்டு. குரோமுக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் பொறி முன்பெல்லாம் வந்த நிரலை உடனடியாகச் செயலியின் சொந்தக் கட்டளைகளாக மாற்றிவிடும். அந்தக் கட்டளைகள் வேகமாக ஓடும், ஆனால் நிறைய இடம் அடைக்கும். 2017-ல் முறை மாறியது. முதலில் சுருக்கமான இடைநிலைக் குறியீடாக மாற்றி, அதை ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டி, திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை மட்டும் செயலியின் கட்டளைகளாக்குவது என்று ஆனது. இடைநிலைக் குறியீடு பழைய வடிவத்தில் பாதியிலிருந்து கால்பங்கு இடமே பிடிக்கும். ரேம் குறைந்த போன்கள்தான் இந்த மாற்றத்துக்கு முதல் தூண்டுதல்.

திறந்து வைத்துவிட்டு மறந்துபோன டேப் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் உள்ள நிரல் நொடிக்கு ஒருமுறை கடிகாரம் வைத்து விழிக்கலாம், புது விளம்பரம் கேட்கலாம். செயலிக்கு ஆழ்ந்த உறக்கம் முக்கியம். வேலை இல்லாத இடைவெளியில் அது தன் பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும். சின்ன வேலைக்காக எழுப்பினாலும் எல்லாம் விழித்து, மறுபடி அடங்க நேரமாகும். 2017 மார்ச்சில் குரோம் 57 பின்னணி டேப்புகளுக்கு ஒரு கடிவாளம் போட்டது: ஒரு செயலிக் கருவின் நேரத்தில் சராசரியாக 1 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. 2021 ஜனவரியில் குரோம் 88 இன்னும் இறுக்கியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேப்பின் கடிகாரங்களால் செயலியை நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் எழுப்ப முடியாது. பாட்டு ஓடும் டேப், அழைப்பில் இருக்கும் டேப் ஆகியவற்றுக்கு விலக்கு.

இந்தக் கடிவாளத்தின் அருமை புரிய அந்த ஆண்டுகளில் நடந்த ஒரு கூத்தையும் நினைக்க வேண்டும். 2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்றொரு சேவை வந்தது. வலைத்தளக்காரர் அதன் ஒரு சிறு நிரலைப் பக்கத்தில் போட்டுவிட்டால், பக்கத்தைத் திறந்தவரின் செயலியைக் கொண்டே மொனேரோ என்னும் மறைநாணயம் தோண்டப்படும். தளக்காரர்களுக்கே தெரியாமல் திருடர்கள் இதைச் செருகியதும் உண்டு. ஆந்திராவில் நகராட்சிகளின் வலைத்தளங்கள் சிலவற்றில் இது ஓடிக்கொண்டிருந்ததை 2018-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வரி கட்டவோ சான்றிதழ் பார்க்கவோ வந்தவரின் பேட்டரி யாரோ ஒருவரின் பைக்குள் பணமாகப் போயிருக்கிறது. 2019 மார்ச்சில் அந்தச் சேவை மூடப்பட்டது.

ரேடியோவின் செலவுதான் பலருக்கும் தெரியாத செலவு. டேட்டா இறங்கி முடிந்த கணத்திலேயே ரேடியோ அணைந்துவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. இன்னும் ஏதாவது வரலாம் என்று அது சில நொடிகள் முழு விழிப்பில் காத்திருக்கும். 2009-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தைச் சேர்ந்த நிரஞ்சன் பாலசுப்பிரமணியன், அருணா பாலசுப்பிரமணியன், அருண் வெங்கடரமணி ஆகியோர் இதை அளந்தார்கள். 3ஜி இணைப்பில் வழக்கமான ஒரு பதிவிறக்கத்துக்குப் போகும் ஆற்றலில் ஏறத்தாழ 60 சதவீதம், பதிவிறக்கம் முடிந்த பிறகான இந்தக் காத்திருப்பில் கரைகிறது என்று கண்டார்கள். 4ஜியிலும் காத்திருப்பு உண்டு, அளவுகள்தான் வேறு.

இதன் விளைவு கொஞ்சம் விசித்திரமானது. 200 கிலோபைட்டை ஒரே மூச்சில் இறக்குவதைவிட, பத்துப் பத்து கிலோபைட்டாக இருபது தடவை விட்டுவிட்டு இறக்குவது பல மடங்கு செலவு. டேட்டா பேக்கில் இரண்டும் ஒரே கணக்கு, பேட்டரியில் இல்லை. வெள்ளச் செய்தியைத் தரும் “நேரலை” பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல அரை நிமிடத்துக்கு ஒருமுறை புதுச் செய்தி இருக்கிறதா என்று தாமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். செய்தி இல்லாவிட்டாலும் கேள்வி போகும், ஒவ்வொரு கேள்விக்கும் ரேடியோ விழித்துக் காத்திருக்கும். போதாக்குறைக்கு டவர் தொலைவில் இருந்தாலோ பாதி டவர்கள் விழுந்து கிடந்தாலோ போன் உரக்கப் பேச வேண்டும், அதாவது கூடுதல் திறனில் ஒலிபரப்ப வேண்டும். செய்திக்கு மிக அதிகத் தேவை இருக்கும் நாளில், மிகக் குறைந்த சார்ஜ் இருக்கும் போனில், மிக அதிகச் செலவு வைக்கும் பக்கம் திறக்கப்படுகிறது. அப்படிப்பட்ட நாளில் செய்தியைப் பார்த்ததும் டேப்பை மூடிவிட்டு, போனை ஃபிளைட் மோடில் போட்டு, குறித்த நேரத்தில் மட்டும் திறப்பது வேறெந்த அமைப்பையும்விட அதிகம் மிச்சப்படுத்தும்.

அமெரிக்காவில் 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது சிஎன்என் நிறுவனமும் என்பிஆர் வானொலியும் படம், விளம்பரம் எதுவும் இல்லாத, எழுத்து மட்டுமே கொண்ட தங்கள் பக்கங்களை மக்களிடம் எடுத்துச் சொன்னார்கள். சிக்னல் மெலிந்தாலும் ஏறும், சார்ஜ் குறைந்தாலும் தாங்கும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பக்கம் தேவைப்படுகிறது. அதற்கான தொழில்நுட்பம் முப்பது வருடம் பழையது.

எந்த உலாவி நல்லது என்ற கேள்விக்கு விற்பவர்கள் சொல்லும் எண்களை நம்பி விடை தேடக்கூடாது. 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஒரே மாதிரி மடிக்கணினிகளில் வீடியோவை ஓடவிட்டு, தங்கள் எட்ஜ் 7 மணி 22 நிமிடம் தாங்கியது, குரோம் 4 மணி 19 நிமிடமே தாங்கியது என்று அறிவித்தது. வீடியோவை விரிக்கும் வேலையைச் செயலியிடம் விடுவதா, அதற்கென்றே உள்ள தனி மின்சுற்றிடம் கொடுப்பதா என்பதைப் பொறுத்து இப்படிப்பட்ட சோதனைகளின் முடிவு வெகுவாக மாறும். 2020-ல் எட்ஜே குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறிவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட, தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கிற ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட ‘உலா’ என்னும் உலாவியும் குரோமியத்தின் மேல் கட்டப்பட்டதே. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய வலை உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசு அதற்குக் கிடைத்தது. அடித்தளம் ஒன்றாக இருக்கும்போது உலாவிகளுக்குள் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது எதை உள்ளே விடுகின்றன, எதைத் தடுக்கின்றன என்பதுதான். பின்தொடரும் நிரல்களையும் விளம்பர நிரல்களையும் வாசலிலேயே நிறுத்தினால் அவை இறங்குவதில்லை, அலசப்படுவதில்லை, ரேமில் உட்காருவதில்லை, ரேடியோவை எழுப்புவதில்லை. உலா தடுப்பது தனியுரிமைக்காக. சார்ஜ் மிச்சமாவது கூடவே வரும் பலன்.

திரையை இருட்டாக்கும் டார்க் மோட் பற்றி ஒரு சொல். ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி எரிவதே இல்லை என்பதால் மிச்சம் உண்டு. 2021-ல் பர்டூ பல்கலைக்கழகம் அளந்தபோது, வெளிச்சத்தை முழுதாக வைத்தால் 39 முதல் 47 சதவீதம் மிச்சமானது. நாம் வீட்டுக்குள் வழக்கமாக வைக்கும் 30, 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். எல்சிடி திரையில் அநேகமாக ஒன்றுமில்லை.

தமிழில் வாசிக்கிறவருக்கு இந்தக் கணக்கு எப்படி அமைகிறது? அதற்கு ஓபரா மினியிலிருந்து தொடங்குவதே சரி. 2005-ல் வந்த அந்த உலாவி நோக்கியா காலத்துச் சிறிய போன்களில் இணையத்தைச் சாத்தியமாக்கியது. பக்கத்தைக் கட்டும் பாரமான வேலையை அது போனில் செய்யவில்லை. அதை உருவாக்கிய நார்வே நிறுவனத்தின் சர்வர்கள் பக்கத்தை இறக்கி, கட்டி, சுருக்கி, பத்தில் ஒரு பங்காக்கி அனுப்பின. அந்தப் போன்களில் பலவற்றுக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டங்கள்தான் தெரியும். அதற்கு ஒரு வழி இருந்தது, நண்பர்களுக்குள் வாய்வழியாகவே பரவியது: முகவரிப் பட்டையில் அமைப்புப் பக்கத்தின் பெயரைத் தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற வரியை ஆம் என்று மாற்ற வேண்டும். அதன் பிறகு தமிழ் எழுத்துகளைச் சர்வரே படமாக வரைந்து அனுப்பும். தமிழ் தெரிந்தது. டேட்டா கூடுதலாகப் போனது. மாதத்துக்கு இத்தனை ரூபாய்க்கு இத்தனை மெகாபைட் என்று எண்ணி வாங்கிய காலத்தில் ஒரு தலைமுறை அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்துத் தமிழ் வாசித்தது. போனால் முடியாத வேலையைச் சர்வருக்குத் தள்ளினால் அந்தச் செலவு டேட்டாவில் வந்து நிற்கிறது.

இன்றைய போன்களில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. எழுத்துகளை வடிவமைக்கும் வேலையைக் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் செய்கிறது. தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வேலை. ‘கொ’ என்று சேமிக்கும்போது ககரமும் அதன் பின் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். திரையில் காட்டும்போது ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிளந்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னே கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒருமுறை வடிவமைத்த சொல்லை உலாவி ரேமில் வைத்துக்கொள்கிறது, மறுபடி அதே சொல் வந்தால் கணக்கு போடுவதில்லை. இந்தச் செலவு மொத்தத்தில் மிகச் சிறியது. பக்கத்தை அழகுபடுத்த வெளியிலிருந்து நான்கு வகைத் தமிழ் எழுத்துருக்களை இறக்க வைப்பது அப்படிச் சிறியது இல்லை. அவை வந்து சேரும்வரை சில உலாவிகளில் எழுத்தே தெரியாமல் வெள்ளையாக இருக்கும், வந்ததும் இடக்கணக்கு மறுபடி நடக்கும்.

எழுத்தைச் சேமிப்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. வலையில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். ‘ஏரல்’ என்று எழுத 12 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றே, இரண்டாவதிலும் இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதில் சுருக்கு நிரல்கள் கைதேர்ந்தவை, ஆகவே வழியில் இந்த மூன்று மடங்கு பெரும்பாலும் கரைந்துவிடும். பிராட்லி என்னும் சுருக்கு முறை கூடவே ஒரு சொற்பட்டியலையும் கொண்டு வருகிறது. ஆங்கிலம், ஸ்பானியம், சீனம், இந்தி, ரஷ்யன், அரபி ஆகிய ஆறு மொழிச் சொற்கள் அதில் உள்ளன, தமிழ் இல்லை. அந்தச் சலுகை இல்லாமலேயே தமிழ் நன்றாகச் சுருங்குகிறது. இந்த அத்தியாயத்தைச் சுருக்காமல் வைத்தாலும் சுமார் 60 கிலோபைட்தான் வரும்.

அணை நீர்மட்டம், ஆற்றில் திறக்கும் நீரின் அளவு, விடுமுறை, நிவாரண முகாம்களின் முகவரி ஆகிய அறிவிப்புகள் நமக்குப் பல நேரங்களில் ஸ்கேன் செய்த தாளாகவோ அலங்காரப் படமாகவோ வந்து சேருகின்றன. ஏ4 தாளை அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் 1,654-க்கு 2,339 புள்ளிகள். விரித்தால் ரேமில் 15 மெகாபைட்டுக்கு மேல். சின்னத் திரையில் படிக்க விரலால் பெரிதாக்கி அங்குமிங்கும் நகர்த்த வேண்டும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நொடிக்கு 60 முறை திரை வரையப்படும். கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் நிரலால் அதை நேராகப் படிக்க முடியாது. ஊர்ப் பெயரைத் தேடினால் கிடைக்காது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய மூன்று அணைகளின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் அத்தனையையும் யுனிகோடு தமிழில் தட்டெழுதினால் ஒரு கிலோபைட்டைச் சுற்றித்தான் வரும். அதைத் திறக்கச் சிறிய கருக்கள் போதும், ரேடியோ ஒருமுறை விழித்தால் போதும், பாதி சிக்னலிலும் அது வந்து சேரும்.